வலை இல்லாமல் கடலுக்குப் போகும் நாள்

அத்தியாயம் 6: திமிங்கலம் காட்டும் படகு

மீன்பிடித்தே வளர்ந்தவருக்குக் கடலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காற்று வாடையா கொண்டலா, நீரோட்டம் வன்னியா தெண்டியா என்று கரையில் நின்றே சொல்லிவிடுவீர்கள். இந்தத் தொழிலில் உங்களுக்குப் புதியவை இரண்டே: ஒன்று, படகில் ஏறும் ஆட்கள். மற்றொன்று, கண்ணில் பட்டதை விரட்டாமல் இருக்கும் பழக்கம். மீன் கூட்டம் தெரிந்தால் முந்திக்கொண்டு போய் வளைப்பதுதான் நம் கைக்கு வந்த வேலை. திமிங்கலத்திடம் அதைச் செய்தால் அது மூழ்கிப் போய்விடும், சட்டமும் உங்களைப் பிடிக்கும். இந்த அத்தியாயம் முழுக்க இந்த இரண்டைப் பற்றித்தான்.

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து திமிங்கலம் பார்க்கும் படகு எதுவும் போவதில்லை. நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே ஃபைபர் படகில் வெளி இன்ஜின் மாட்டி ஓட்டுகிறவர்கள் இந்தத் தொழிலைச் செய்யும் இடம் இதே வங்கக்கடலின் தென்மேற்கே, இலங்கையின் திருகோணமலை. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து விடியலில் படகுகள் கிளம்புகின்றன. அவர்களுடைய நாளை வைத்துத்தான் இங்கே வரிசை சொல்லியிருக்கிறேன். நம் ஏரிக்கும் முகத்துவாரத்துக்கும் மாறுகிற இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறேன்.

ஏறும் முன் தெரிய வேண்டியவை

*அனுமதி.* 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உங்கள் ஊரில் அந்த நாளை மறந்தவர் இருக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆகவே எழுத்தில் அனுமதி கையில் இல்லாமல் ஒருவரைக்கூட ஏற்றாதீர்கள். "நாலு பேர்தானே, ஒரு ரவுண்டு" என்று காரில் வந்தவர் கெஞ்சினாலும், கூடுதல் காசு காட்டினாலும் ஏற்றாதீர்கள். மீன்பிடிப்புக்கு என்று பதிவான படகில் ஆள் ஏற்றி ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. வழக்கு உங்கள் பெயரில்தான் நிற்கும்.

*இடம்.* திருகோணமலையில் கொட்டியார் குடாவை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழமாக இறங்குகிறது. ஆழ்கடல் உயிரினம் கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் வருவதற்கு அதுதான் காரணம். பழவேற்காட்டுக்கு வெளியே கடல் மெதுவாகத்தான் ஆழமாகிறது. அதனால் இங்கே "திமிங்கலம் காட்டுகிறேன்" என்று விளம்பரம் செய்வது ஏமாற்று. ஏரியில் பூநாரையும் கூழைக்கடாவும் காட்டலாம், வெளிக்கடலில் எப்போதாவது ஓங்கில் தென்படலாம். இருப்பதைச் சொல்லி விற்க வேண்டும்.

*காலம்.* திருகோணமலைக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. சோழகக் காற்று இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளைக் கலக்கும் மாதங்களில் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். தெற்கே மிரிச கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நம் ஏரியில் பறவை பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரை. ஆனால் அதன் முதல் பாதி புயல் மாதம் என்பது உங்களுக்கே தெரியும்.

முந்தின நாள் மாலை

காலையில் நடக்கும் விபத்துக்குப் பாதிக் காரணம் முந்தின நாள் மாலையில் இருக்கும். கீழே உள்ளதை முடிக்காமல் படுக்கப் போகாதீர்கள்.

1. அலை முன்னறிவிப்பு பாருங்கள். இந்தியக் கரைக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரமும் காற்று வேகமும் தருகிறது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலியில் இது தமிழிலேயே கிடைக்கும். என் கணக்கு இது: அலை ஒரு மீட்டருக்கு மேல் என்றால் நீங்கள் வலைக்குப் போகலாம், ஆள் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. நம் பகுதியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். அன்றைக்கு முன்பதிவே எடுக்காதீர்கள்.

2. வருபவர் ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள். புரோக்கர் சொல்லும் "ஆறு பேர் சார்" போதாது. கேட்க வேண்டியது: வயது, முதுகுவலி உண்டா, இதய நோய் உண்டா, கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா. சிறிய படகு அலையில் தூக்கி அடிக்கும்போது முதுகெலும்பு நொறுங்கிப் படுத்தவர்கள் உண்டு. முதுகு அறுவைச் சிகிச்சை ஆனவரையும் கர்ப்பிணியையும் ஏற்றாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

3. அதே போனில் இவற்றையும் சொல்லிவிடுங்கள்: நான்கு ஐந்து மணி நேரம் ஆகும், படகில் கழிப்பறை இல்லை, காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர் எடுத்து வாருங்கள். கழிப்பறை விஷயத்தைச் சொல்ல நம் பையன்கள் கூச்சப்படுகிறார்கள். சொல்லாவிட்டால் நடுக்கடலில் ஒரு பெண் படும் அவஸ்தையில் பயணமே பாழாகும். கரையில் சுத்தமான கழிப்பறை உள்ள ஒரு வீட்டையோ கடையையோ ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இந்தத் தொழிலில் இறங்க வேண்டும்.

4. எரிபொருளை மூன்று பங்காகப் பாருங்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதுவும் நடந்தால் ஒரு பங்கு. மூன்றாவது பங்கைத் தொட வேண்டி வந்தால் அன்றைய கணக்கு எங்கேயோ தப்பியிருக்கிறது.

5. ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். கொக்கியைப் பூட்டி இழுங்கள். விசில் ஊதுகிறதா என்று ஊதிப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரை வெயிலில் காய்ந்து பிஸ்கட் போல் உடைந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். "இருக்கட்டும், எண்ணிக்கைக்கு" என்று வைத்திருந்தால் ஒருநாள் யாருக்காவது அதைத்தான் மாட்டுவீர்கள். குழந்தைகளுக்குக் குழந்தை அளவுதான் வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டில் குழந்தை நழுவி வெளியே வந்துவிடும்.

6. பையில் இருக்க வேண்டியவை: கூடுதல் ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்டார்ட்டர் கயிறு, கத்தி, நங்கூரமும் நீளக் கயிறும், டார்ச், முதலுதவிப் பெட்டி, நீர் புகாத உறையில் இரண்டு போன், முடிந்தால் வி.எச்.எஃப் கருவி (அவசர அலைவரிசை 16), கயிறு கட்டிய மிதவை வளையம் ஒன்று.

விடியற்காலை: கரையில் இருபது நிமிடம்

திருகோணமலைப் படகுகள் ஐந்தரை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். காற்று எழுவதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் காரணம். காற்று அடங்கிய தண்ணீரில்தான் திமிங்கலம் விடும் மூச்சும் தூரத்திலிருந்து தெரியும். ஆட்கள் தாமதமாக வந்தால் பயணத்தைச் சுருக்குங்கள். திரும்பும் நேரத்தைத் தள்ளாதீர்கள்.

முதல் வேலை பட்டியல். ஏறுபவர் பெயர், வயது, வீட்டு போன் எண், திரும்பும் நேரம் நான்கையும் தாளில் எழுதிக் கரையில் ஒருவர் கையில் கொடுங்கள். அந்தக் கரையாள் குடிக்காதவராக, போனை அணைக்காதவராக இருக்க வேண்டும். "பதினொரு மணிக்கு வரவில்லை என்றால் கூப்பிடு, எடுக்கவில்லை என்றால் அடுத்த படகைக் கூப்பிடு, பதினொன்றரைக்குக் கடலோரக் காவல்படைக்குச் சொல்" என்று வரிசையாகச் சொல்லி வையுங்கள். இந்தியாவில் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கு 1093.

இரண்டாவது ஜாக்கெட். நீங்களே மாட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு தோள்பட்டைப் பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வாக இருக்கிறது. கீழ்ப்பட்டையை இறுக்கி மறுபடி தூக்கிப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் எப்போதும் வரும். வயதில் மூத்தவர் ஒருவர், "வேணாம் தம்பி, எனக்கு நீச்சல் தெரியும், நான் ஆத்துல விளையாடி வளர்ந்தவன்" என்பார். வாதம் செய்யாதீர்கள். "ஐயா, நானும் மாட்டியிருக்கேன் பாருங்க. நீங்க மாட்டினாதான் பின்னாடி பசங்க மாட்டுவாங்க" என்று சொல்லுங்கள். இதற்கு முதல் நிபந்தனை, நீங்கள் மாட்டியிருக்க வேண்டும். தண்டல் வெறும் பனியனோடு நின்றுகொண்டு மற்றவர்களுக்கு ஜாக்கெட் கொடுப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, பேச்சு. படகு தண்ணீரில் இறங்கிய பிறகு இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எல்லோரும் மணலில் நிற்கும்போதே நிதானமாகச் சொல்லுங்கள்:

- நான் சொல்லாமல் யாரும் எழுந்து நிற்கக் கூடாது.
- திமிங்கலம் எந்தப் பக்கம் வந்தாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நான் படகைத் திருப்புவேன்.
- கையைப் படகின் விளிம்புக்கு வெளியே போடாதீர்கள்.
- குமட்டல் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; போனை விட்டுவிட்டுத் தூரத்து வானவிளிம்பைப் பாருங்கள்.
- தண்ணீரில் ஒன்றும் போடக் கூடாது. சிப்ஸ் பாக்கெட்டும் சரி, பிரட் துண்டும் சரி.

இரண்டாவது விதிக்குக் காரணம் தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஏரியில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததை அந்த விபத்தின் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். அது இரண்டடுக்குப் படகு. நம் ஃபைபர் படகுக்கு ஆறு பேர் ஒரு பக்கம் வந்தாலே போதும். ஆளைத் திருப்பாதீர்கள், படகைத் திருப்புங்கள்.

*குறிப்பு:* குமட்டலுக்கான மாத்திரை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். கடலில் போட்டால் அதுவும் வாந்தியோடு வெளியே போய்விடும். மாத்திரையை நீங்கள் விற்காதீர்கள், அவரவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். இஞ்சி மரப்பா வைத்திருங்கள். குமட்டுகிறவரை அமரத்துப் பக்கம், நடுவில் உட்கார வையுங்கள். அணியத்தில் ஆட்டம் அதிகம்.

கரை தாண்டுதல்

உங்களுக்கு இது தினசரி வேலை என்பதால் இரண்டே எச்சரிக்கை. படகு முட்டளவுத் தண்ணீரில் அணியம் கடலுக்கு நேராக நின்ற பிறகுதான் ஆட்களை ஏற்றுங்கள். குறுக்கே நிற்கும் படகில் ஏறும்போதுதான் கால் முறிகிறது. பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓய்ந்த இடைவெளியில் வெளியேறுங்கள், அவசரப்படாதீர்கள்.

*நம் முகத்துவாரத்துக்கு:* பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் தூர்ந்து இடம் மாறிக்கொண்டே இருப்பது. நேற்று இருந்த வழி இன்று இருக்காது. வற்றம் வேகமாக வெளியே இழுக்கும்போது எதிரே கொண்டல் காற்று அடித்தால் வாயிலில் அலை செங்குத்தாக எழும்பி உடையும். வலை ஏற்றிய படகு அதைத் தாண்டும். பயந்து எழுந்து நிற்கும் எட்டுப் பேரை ஏற்றிய படகு தாண்டாது. சுற்றுலா அனுமதி என்றைக்குக் கிடைத்தாலும் முதல் சில ஆண்டுகள் ஏரிக்குள்ளேயே ஓட்டுங்கள் என்பது என் யோசனை.

தேடுதல்

வேகமாக ஓட்டிக்கொண்டே தேடினால் ஒன்றும் தெரியாது. ஆழம் தொடங்கும் இடத்துக்குப் போய் இன்ஜினை நிறுத்துங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி படகை வையுங்கள். பயணிகளுக்கு ஆளுக்கொரு திசை பங்கிட்டுக் கொடுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வேலை கிடைத்தால் குமட்டலும் குறையும், புகாரும் குறையும்.

எதைத் தேடுவது? முதுகைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள்.

நீலத் திமிங்கலத்தின் மூச்சு நேராக உயர்ந்து எழும் தூண். அடங்கிய கடலில் வெகு தூரத்துக்குத் தெரியும். ஒன்பது மீட்டர் வரை எழும்பும். எண்ணெய்த் திமிங்கலத்துக்கு மூக்குத்துளை தலையின் முன்னால் இடப்பக்கம் இருப்பதால் அதன் மூச்சு முன்பக்கமாக, இடப்புறம் சாய்ந்து புதர் போலக் கிளம்பும். சாய்ந்த மூச்சைக் கண்டால் அது எண்ணெய்த் திமிங்கலம் என்று தயங்காமல் சொல்லலாம். சுழன்று தாவும் ஓங்கில்கள் கூட்டம் கூட்டமாக, சில நாள் நூற்றுக்கணக்கில் வரும். திருகோணமலையில் திமிங்கலம் கிடைக்காத பல காலைகளைக் காப்பாற்றுவது இவைதான்.

இந்தத் திமிங்கலங்களை உலகம் கவனிக்கத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில், டூலிப் என்ற ஆய்வுப் படகு திருகோணமலைக்கு வந்தபோது. பிறகு போர் வந்தது. கரை மக்களுக்கு இது தொழிலாகக் கிடைத்தது போர் முடிந்த 2009க்குப் பிறகுதான்.

திமிங்கலத்தின் அருகில்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தொழில் நிலைப்பதும் கெடுவதும் இந்த அரை மணி நேரத்தில்தான்.

இலங்கையில் கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்றே 2012இல் விதிமுறைகள் வந்தன. படகு 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கலங்களும் ஓங்கில்களும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு.

1. மூச்சு தெரிந்தவுடன் முறுக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தியபடியே கைக்கடிகாரத்தைப் பாருங்கள். நீலத் திமிங்கலம் மேலே சில முறை மூச்சு விட்டுப் பிறகு பத்து நிமிடம் போல மூழ்கும். எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு நேரம் மூழ்குகிறது என்று ஒரு சுற்று கவனித்தால், அடுத்து எங்கே எழும் என்பது ஏறக்குறையப் பிடிபடும். எண்ணெய்த் திமிங்கலம் வால் தூக்கி இறங்கினால் முக்கால் மணி நேரம் வராமல் போகலாம். காத்திருப்பதா கிளம்புவதா என்று அப்போதே முடிவு செய்யுங்கள்.

2. அரை கிலோமீட்டர் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். உங்களுக்குப் பின்னால் வெள்ளை நுரை தெரிந்தால் இன்னும் வேகம்தான்.

3. பக்கவாட்டில், சற்றே பின்தங்கி, அது போகும் திசையிலேயே போங்கள். முன்னால் போய் மறிக்காதீர்கள். நேர் பின்னால் துரத்தாதீர்கள்.

4. 100 மீட்டர் வந்ததும் நியூட்ரலில் போட்டு நிறுத்துங்கள். கடலில் தூரம் ஏமாற்றும். முந்தின நாளே கரையில் 100 மீட்டர் தள்ளி ஒரு படகை நிறுத்தி, அது கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்துப் பழகுங்கள்.

5. அதுவாகவே நெருங்கி வந்தால் அசையாமல் இருங்கள். இன்ஜின் நியூட்ரலிலேயே இருக்கட்டும். பின்னுக்கு இழுக்கிறேன் என்று ரிவர்ஸ் போடாதீர்கள், விசிறி சுழலும். அது விலகிய பிறகு மெதுவாகக் கிளம்புங்கள்.

6. வால் தூக்கி மூழ்கிய இடத்தில் தண்ணீர் எண்ணெய் தடவியது போல வழவழப்பாக நிற்கும். ஆவலில் அதன் மேல் படகை ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. வேண்டாம்.

7. தாயும் குட்டியும் என்றால் தூரத்திலிருந்தே காட்டிவிட்டு விலகுங்கள்.

8. வேறு படகுகள் இருந்தால் வரிசை காத்திருங்கள். திமிங்கலத்தை நடுவில் வைத்து நான்கு பக்கமும் நிற்பது நம் சுற்று வலைப் பழக்கம். எல்லாப் படகும் ஒரே பக்கம் நிற்க வேண்டும். இருபது நிமிடம் பார்த்தபின் இடம் கொடுத்துவிட்டு நகருங்கள்.

9. திடீரென்று திசை மாற்றுவது, மூச்சு எண்ணிக்கை குறைந்து சீக்கிரமே மூழ்குவது, வாலால் தண்ணீரை அறைவது மூன்றும் 'போ' என்று சொல்வதுதான். போய்விடுங்கள்.

பயணி "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கண்ணா, ஐந்நூறு கூடத் தர்றேன்" என்பார். மிரிச கரையில் இந்த ஆசைக்கு இணங்கிப் படகுகள் மொய்த்ததால்தான் அந்த ஊருக்குக் கெட்ட பெயர் வந்தது. "இதுதான் சட்டம்ணா, இங்கிருந்தே நல்லா தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சு எழும் இடத்தைக் காட்டுங்கள். அவர் மறந்துவிடுவார்.

தண்ணீரில் குதித்து நீந்த ஒருவரையும் விடாதீர்கள். கடலில் மெழுகுக் கட்டி போல ஏதாவது மிதந்து, அம்பர் என்று யாராவது ஆசை காட்டினால் தொடாதீர்கள். இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நம் கரையோரம் அதற்காகக் கைதானவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது.

*நம் ஏரிக்கு:* இங்கே திமிங்கலத்தின் இடத்தில் பூநாரை. கூட்டத்துக்குள் படகை விட்டு எல்லாவற்றையும் பறக்க வைத்து, இளஞ்சிவப்புச் சிறகு தெரியப் படம் எடுக்க வைப்பதைப் பெரிய உபசாரமாக நினைக்கிறார்கள். அது ஆழமில்லாத சேற்றில் தலைகீழாக அலகை வைத்து மணிக்கணக்கில் அரித்துத் தின்கிற பறவை. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அதன் தீனி நேரம் போகிறது, நாளைக்கு அந்த இடத்துக்கே வராது. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். கழியால் தள்ளிப் போகிற படகுக்குப் பறவை அவ்வளவாகப் பயப்படாது. இன்னொன்று: பாடு முறையில் வலை கட்டியிருக்கும் இடத்தின் ஊடே ஓட்டாதீர்கள். உங்கள் பங்காளியின் வலையை உங்கள் விசிறி அறுத்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் மனு உங்கள் மேல்தான்.

ஒன்றும் தெரியாத நாள்

இப்படி நாட்கள் வரும். "கட்டாயம் பார்க்கலாம், பார்க்காவிட்டால் பணம் வாபஸ்" என்று எழுதி வைக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே என்ற பயத்தில்தான் ஓட்டுபவர் திரும்பும் நேரத்தைத் தாண்டுகிறார், மூன்றாவது பங்கு எரிபொருளைத் தொடுகிறார், கிடைத்த ஒற்றைத் திமிங்கலத்தைத் துரத்துகிறார். கட்டணம் படகுக்கும் உங்கள் நேரத்துக்கும்தான் என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். திரும்பும் வழியில் திருகோணமலைக்காரர்கள் கோணேசர் கோயில் பாறையின் கீழே படகைக் கொஞ்சம் நிறுத்துவார்கள். கடலிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது அந்தக் குன்று வேறு மாதிரி இருக்கும். உங்கள் பக்கம் கலங்கரை விளக்கம் இருக்கிறது, தலையில் கூடையோடு வரும் பெண்கள் இருக்கிறார்கள், டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த கதை இருக்கிறது. சொல்லத் தெரிந்தவருக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

அவசர நேரம்

*ஒருவர் விழுந்துவிட்டால்:*

1. "ஆள் விழுந்தாச்சு" என்று கத்துங்கள். உடனே நியூட்ரல்.
2. உதவியாள் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கிடையாது.
3. மிதவை வளையத்தை வீசுங்கள்.
4. காற்றை எதிர்த்து மெதுவாக நெருங்கி, கை எட்டும் முன்பே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.
5. ஒரு பக்கமாக இருவர் மட்டும் தூக்குங்கள். மற்றவர்கள் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கட்டும்.

*இன்ஜின் நின்றால்:* ஆழம் அனுமதித்தால் நங்கூரம். இல்லையென்றால் வாளியைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விடுங்கள், படகு அலைக்குக் குறுக்கே திரும்பாது. பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பு கரையாளுக்கு ஜி.பி.எஸ் இடத்தை அனுப்பிவிடுங்கள். சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒரு மணி நேரம் யாருக்கும் சொல்லாமல் இருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

*இடி மேகம் கண்டால்:* அப்போதே திரும்புங்கள். எதிரே திமிங்கலம் நின்றாலும் சரி.

திரும்பிய பிறகு

இறங்கும்போது தலை எண்ணுங்கள். கரையாள் கையிலிருக்கும் பட்டியலை வாங்கிச் சரிபாருங்கள். இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவுங்கள். ஜாக்கெட்டுகளை நிழலில் உலர்த்துங்கள். வெயில்தான் அவற்றைத் தின்கிறது.

பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள்: நேரம், இடம், என்ன இனம், எத்தனை, குட்டி உண்டா, எத்தனை படகுகள் இருந்தன. மூழ்கும்போது தூக்கும் வாலின் அடிப்பக்கம் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் ஒவ்வொரு விதம். பயணிகளிடம் நல்ல படம் இருந்தால் கேட்டு வாங்கித் தேதியோடு சேர்த்து வையுங்கள். இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் அந்தக் கடலின் நீலத் திமிங்கலங்களைப் பற்றியும் அவற்றின் மேல் கப்பல்கள் மோதுவதைப் பற்றியும் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள், 2022இல் எம்.எஸ்.சி கப்பல் நிறுவனம் இலங்கைக்குத் தெற்கே தன் கப்பல்களின் பாதையை இன்னும் தள்ளி அமைத்துக்கொண்டது. எங்கே எத்தனை திமிங்கலம் என்று எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் இப்படி ஒரு மாற்றத்தைக் கேட்க முடிந்தது. உங்கள் நோட்டும் அந்த வகையைச் சேர்ந்தது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் இந்த வாரமே தொடங்கக் கூடியவை

அனுமதி வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் பதிவு செய்யுங்கள். தனியாள் கேட்டால் கிடைக்காத அனுமதி குழுவுக்குக் கிடைக்க வழி உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஓங்கில் காட்டும் படகுகளை மீனவர் சங்கங்கள்தான் ஓட்டுகின்றன. குழுவில் இரண்டு பேராவது முதலுதவியும் நெஞ்சழுத்திச் சுவாசம் கொடுப்பதும் பயிலட்டும். ஒரு பெண் உதவியாளரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பமாக வருபவர்களுக்கு அதுவே பெரிய தைரியம். எத்தனை பேர் ஏற்றுவது என்று நீங்களே ஒரு எண்ணிக்கையை முடிவு செய்து படகின் பக்கவாட்டில் பெரிதாக எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் மனு கொடுக்கும்போது, ஏரியைப் பற்றி இரண்டு பக்கம் வர்ணிக்க வேண்டாம். ஜாக்கெட் வாங்கிய ரசீதையும், பயிற்சிச் சான்றிதழையும், படகில் எழுதிய அந்த எண்ணிக்கையின் படத்தையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.